நாகசாகியைக் கண்ட விமானி

1945-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் விடியுமுன், பசிபிக் மாக்கடலிலுள்ள டினியன் என்னும் சிறு தீவிலிருந்து அமெரிக்காவின் பி-29 குண்டுவீச்சு விமானங்கள் மூன்று ஜப்பானை நோக்கிப் புறப்பட்டன. முதல் விமானத்தின் வயிற்றில் புளூட்டோனியத்தால் செய்யப்பட்ட அணுகுண்டு இருந்தது. இரண்டாவது விமானம் வெடிப்பின் வலிமையை அளக்கும் கருவிகளைச் சுமந்து சென்றது. மூன்றாவது புகைப்படம் எடுப்பதற்கென்று சென்றது. அந்த மூன்றாவது விமானத்தில் அமெரிக்கர் அல்லாத இருவர் அமர்ந்திருந்தனர். ஒருவர் வில்லியம் பென்னி என்னும் ஆங்கிலேய அறிவியல் அறிஞர். மற்றவர் பிரித்தானிய விமானப்படையின் குரூப் கேப்டன் லெனார்டு செஷயர். அவருக்கு வயது இருபத்தேழு.

மூன்று விமானங்களும் யாகுஷிமா என்ற தீவின்மேல் 30,000 அடி உயரத்தில் ஒன்றுசேர வேண்டும் என்பது ஏற்பாடு. ஆனால் மூன்றாவது விமானம் 39,000 அடி உயரத்தில் வட்டமிட்டுக் கொண்டிருந்தது. கீழே காத்திருந்தவர்கள் அதைக் காணாமல், பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தம் வழியே போய்விட்டனர். அவர்கள் முதலில் சென்றது கொக்குரா என்ற நகருக்கு. அங்கே புகையும் மூட்டமும் இலக்கை மறைத்திருந்தன. மூன்று முறை சுற்றியும் இலக்குத் தெரியாமற் போகவே, இரண்டாவது இலக்காகக் குறிக்கப்பட்டிருந்த நாகசாகியை நோக்கித் திரும்பினர். முற்பகல் 11 மணி 2 நிமிடத்துக்கு அந்நகரின் மேல் குண்டு வெடித்தது.

அப்போது செஷயர் இருந்த விமானம் ஏறத்தாழ ஐம்பது மைல் தொலைவில் இருந்தது. முதலில் ஓர் ஒளி. பின்னர் அடிவானத்தில் கொதித்தெழுந்த முகில். அதை நோக்கி விமானத்தைச் செலுத்தினார்கள். அருகே சென்றபோது அம்முகில் அறுபதாயிரம் அடி வரை உயர்ந்து நின்றது. கீழே நகரம் இருந்த இடத்தில் புகையன்றி வேறெதுவும் புலப்படவில்லை. நூறு முறை பகைவர் நாட்டின்மீது பறந்து, இரவில் நகரங்கள் எரிவதை மேலிருந்து பார்த்துப் பழகிய கண்கள் அவருடையவை. இருந்தும் இதற்கு முன் கண்ட எதனோடும் இதை அவரால் ஒப்பிட முடியவில்லை.

புகைக்குக் கீழே இருந்தது என்ன என்பதை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும்.

குண்டு வெடித்தது நாகசாகியின் உராக்காமி என்ற பகுதிக்கு மேலே. நம் முத்துக்குளித்துறைக் கடலோர மக்களிடையே உழைத்த அதே புனித சவேரியார்தாம் 1549-ஆம் ஆண்டில் ஜப்பானில் கால் வைத்து நற்செய்தி கூறியவர். அவர் விதைத்த விசுவாசம் நாகசாகிப் பகுதியில் ஆழ வேரூன்றிற்று. 1614-இல் கிறிஸ்தவம் நாடெங்கும் தடை செய்யப்பட்டது. குருக்கள் இல்லை, கோவில் இல்லை. வெளிப்படையாகச் செபிக்க வழியில்லை. ஏறத்தாழ இருநூற்றைம்பது ஆண்டுகள் தந்தை மகனுக்கும் தாய் மகளுக்கும் மறைவில் திருமுழுக்கையும் செபங்களையும் ஒப்படைத்து வந்தனர். 1865-இல் பிரெஞ்சு மறைபரப்பாளர் ஒருவர் நாகசாகியில் கட்டிய புதிய ஆலயத்துக்குள் உராக்காமி மக்கள் சிலர் நுழைந்து, தங்கள் விசுவாசமும் அவருடைய விசுவாசமும் ஒன்றே என்று தெரிவித்தபோதுதான் உலகம் அவர்களை அறிந்தது. அதன் பிறகும் அவர்களுள் மூவாயிரத்துக்கு மேற்பட்டோர் நாடு கடத்தப்பட்டுத் துன்புற்று, 1873-இல் ஊர் திரும்பினர். திரும்பியவர்கள், தம் முன்னோரைத் திருவுருவத்தின்மீது மிதிக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்திய ஊர்த் தலைவனின் வீடு இருந்த இடத்தையே வாங்கி, அங்கே ஒரு பேராலயம் எழுப்பினர். ஏழைகளின் உழைப்பில் எழுந்த அது கட்டி முடியப் பல்லாண்டுகள் ஆயின. 1914-இல் அது திறக்கப்பட்டது.

அந்தப் பேராலயத்திலிருந்து சுமார் 500 மீட்டர் தொலைவில் குண்டு வெடித்தது. மரியன்னையின் விண்ணேற்புத் திருநாளுக்கு ஆறே நாட்கள் இருந்தமையால், உள்ளே குருக்கள் பாவசங்கீர்த்தனம் கேட்டுக் கொண்டிருந்தனர். அங்கே இருந்தோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. உராக்காமியின் கத்தோலிக்கர் பன்னீராயிரம் பேர் என்றும், அவர்களுள் எண்ணாயிரத்து ஐந்நூறு பேர் மாண்டனர் என்றும் கணக்கிட்டுள்ளார்கள். நகர் முழுவதிலும் அவ்வாண்டு இறுதிக்குள் இறந்தோர் எழுபதாயிரத்துக்கும் மேல். கதிரியக்க மருத்துவரான தகாஷி நாகாய் தம் வீடு இருந்த இடத்துக்கு வந்து சாம்பலைக் கிளறியபோது, மனைவி மிதோரியின் எரிந்த எலும்புகளையும், அவற்றின் அருகே உருகிக் கிடந்த செபமாலையையுமே கண்டார். இருநூற்றைம்பது ஆண்டுக் கொடுமை அழிக்க முடியாத ஒரு திருச்சபையின் பெரும் பகுதியை ஒரு கணம் அழித்துவிட்டது.

அந்தக் குண்டைச் சுமந்த விமானத்தின் தலைமை விமானி மேஜர் சார்லஸ் ஸ்வீனி. வயது இருபத்தைந்து. அவர் ஒரு கத்தோலிக்கர். இதை எழுதும்போது கை தயங்கத்தான் செய்கிறது. கொடியவர் ஒருவர் கொடுமை செய்தார் என்று சொல்லிக் கடந்து போவது எளிது. இங்கே அது முடியாது. தாய் கற்பித்த செபங்களோடு வளர்ந்த பிள்ளைகள், தாங்கள் செய்வது கடமை என்று உறுதியாக நம்பி, இதைச் செய்தார்கள்.

எப்படி இந்த நிலைக்கு வந்தது உலகம்? 1939 செப்டம்பர் 1-ஆம் நாள் போர் தொடங்கியபோது, அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், பொதுமக்கள் வாழும் நகரங்கள்மீது குண்டு வீசலாகாது என்று எல்லா நாடுகளுக்கும் வேண்டுகோள் விடுத்தார். பிரிட்டன் உடனே ஒப்புக்கொண்டது. ஆனால் ஜெர்மானிய விமானங்கள் வார்சாவை எரித்தன. 1940 மே மாதம் ராட்டர்டாம் நகரின் நடுப்பகுதியைத் தரைமட்டமாக்கின. செப்டம்பரிலிருந்து இலண்டன்மீது ஐம்பத்தேழு இரவுகள் தொடர்ந்து வந்தன. நவம்பரில் கவென்ட்ரி நகரையும் அதன் பழம்பெரும் பேராலயத்தையும் அழித்தன. அடிபட்டவனும் அடித்தான். பகலில் சென்ற பிரித்தானிய விமானங்கள் சுட்டு வீழ்த்தப்பட்டமையால், இரவில் போகத் தொடங்கின. இரவிலோ இலக்குத் தெரியவில்லை. 1941 ஆகஸ்டில் விமானங்கள் எடுத்த புகைப்படங்களை ஆராய்ந்து பார்த்தபோது, இலக்கைத் தாக்கியதாகச் சொன்ன விமானங்களில் மூன்றில் ஒன்றே அதற்கு ஐந்து மைல் சுற்றளவுக்குள்ளாவது சென்றிருந்தது என்பது வெளியாயிற்று.

ஒரு தொழிற்சாலையைக் குறிவைத்து அடிக்க முடியவில்லை. ஆனால் ஒரு நகரத்தை அடிக்க முடியும். ஆகவே 1942 பிப்ரவரியில் புதிய கட்டளை பிறந்தது: பகைவர் நாட்டுத் தொழிலாளர் வாழும் நகரங்களே இனி இலக்கு. இவ்வாறு, கருவியின் குறைபாட்டுக்கு ஏற்ப மனச்சாட்சியை வளைத்துக் கொண்டார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். 1943 ஜூலையில் ஹாம்பர்க் நகரில் எழுந்த தீப்புயலில் முப்பத்தைந்தாயிரம் பேருக்கு மேல் மடிந்தனர். 1945 பிப்ரவரியில் டிரெஸ்டனில் சுமார் இருபத்தையாயிரம் பேர். நம் பகுதியும் தப்பவில்லை. 1942-இல் உயிர்ப்பு ஞாயிறன்று, ஏப்ரல் 5-ஆம் நாள் காலை, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. அந்த மாதத்தில் சென்னையைக் காலி செய்துவிட்டு ஊர்ப்புறங்களுக்கு ஓடிய கதையைச் சொல்லக் கேட்ட குடும்பங்கள் நம்மிடையே உண்டு.

வீசியவர்களின் நிலையையும் அறிந்து கொண்டால்தான் நியாயமாக இருக்கும். பிரித்தானியக் குண்டுவீச்சுப் படையில் போருக்குச் சென்றோர் ஏறத்தாழ 1,25,000 பேர். எல்லோரும் தாமாக முன்வந்தவர்கள். அவர்களுள் 55,573 பேர் இறந்தனர். நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேர். பெரும்பாலோர் இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இளைஞர். லாங்காஸ்டர் என்ற பெரிய விமானத்தில் ஏழு பேர் செல்வர். விமானி, இயந்திரப் பொறியாளர், வழி கணிப்பவர், குண்டு எறிபவர், கம்பியில்லாத் தந்தி இயக்குபவர், சுடுபவர் இருவர். வால் பகுதியில் தனியே அமர்ந்திருக்கும் துப்பாக்கி வீரன் உறையும் குளிரில், மின்சாரத்தால் சூடேற்றிய உடையணிந்து, ஏழெட்டு மணி நேரம் இருளையே பார்த்திருக்க வேண்டும். இலக்கை நெருங்கியதும் குண்டு எறிபவர் மூக்குப் பகுதியில் குப்புறப் படுத்தபடி இடம், வலம் என்று வழி சொல்வார். அந்தச் சில நிமிடங்கள் விமானி இம்மியும் விலகாமல் நேரே செலுத்த வேண்டும். கீழிருந்து விளக்குகளின் ஒளிக் கற்றைகள் தேடும், பீரங்கிகள் வெடிக்கும். குண்டு விழுந்த பிறகும் விலகிவிட இயலாது. புகைப்படம் பதியும் வரை அதே நேர்கோட்டில் பறக்க வேண்டும். விமானம் தீப்பற்றினால், மற்றவர்கள் குதிக்கும்வரை விமானி அதை நிலையாகப் பிடித்திருப்பது வழக்கம். அதனால் அவர் குதிக்க நேரம் இருப்பதில்லை. 1944 மார்ச் 30-ஆம் நாள் இரவு நூரம்பெர்க் சென்ற 795 விமானங்களில் 95 திரும்பி வரவில்லை. முப்பது முறை போய்த் திரும்பினால் ஒரு சுற்று முடிந்தது என்று ஓய்வு கொடுப்பார்கள். முப்பதைக் காண்பவர் சிலரே.

லெனார்டு செஷயர் நூறு முறை போனார்.

அவர் 1917-இல் பிறந்தவர். தந்தை ஆக்ஸ்போர்டில் சட்டப் பேராசிரியர். செஷயரும் ஃபிஃபூட்டும் எழுதிய ஒப்பந்தச் சட்ட நூலைப் படிக்காமல் நம் நாட்டுச் சட்ட மாணவர் எவரும் தேர்வு எழுதியிருக்க முடியாது. அந்தச் செஷயரே இவருடைய தந்தை. மகனும் சட்டம் பயின்றார். ஆனால் படிப்பைவிட வேகமான மோட்டார் வண்டிகளிலும் கேளிக்கைகளிலும் நாட்டம் மிகுதி. ஆக்ஸ்போர்டிலேயே விமானம் ஓட்டப் பழகி, போர் மூண்டதும் விமானப்படையில் சேர்ந்தார். 1940 நவம்பரில் ஓர் இரவு, ஜெர்மனியின் மேல் அவரது விமானம் அடிபட்டது. உள்ளே வைத்திருந்த ஒளிக்குண்டு வெடித்து விமானத்தின் பக்கவாட்டில் பெருந்துளை விழுந்தது; தந்தி இயக்கும் இளைஞர் கடுமையாக வெந்து போனார். அந்த விமானத்தை அவர் இங்கிலாந்துக்குத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார். அடுத்த ஆண்டில் அவருடைய தம்பியும் விமானியாகச் சென்று, சுட்டு வீழ்த்தப்பட்டு ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார்.

1943-இல், இருபத்தைந்தாம் வயதில், குரூப் கேப்டன் பதவி அவருக்குக் கிடைத்தது. விமானப்படையில் அந்தப் பதவியை அவ்வளவு இளவயதில் அடைந்தவர் மிகச் சிலரே. பதவியோடு ஒரு மேசையும் நாற்காலியும் வந்தன. பறக்கும் வேலை நின்றது. அது அவருக்குப் பொறுக்கவில்லை. பதவியில் ஒரு படி இறங்கி, 617-ஆம் படைப்பிரிவின் தலைமையை ஏற்றார். அவ்வாண்டு மே மாதம் ஜெர்மனியின் அணைக்கட்டுகளை உடைத்துப் பெயர்பெற்ற படைப்பிரிவு அது. அந்த ஒரே இரவில் சென்ற 19 விமானங்களில் 8 திரும்பவில்லை. உடைந்த அணைகளின் வெள்ளத்தில் ஏறத்தாழ 1,300 பேர் மாண்டனர். அவர்களுள் பலர் ஜெர்மானியர் கட்டாய வேலைக்கெனப் பிடித்து வந்திருந்த அயல்நாட்டவர்.

செஷயரைப் புகழ்ந்து எழுதியோர் சிலர் விட்டுவிடும் ஒரு செய்தியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பறக்க முடியாமல் மனம் உடைந்து போன வீரர்களை அக்காலத்து விமானப்படை 'மனவுறுதி அற்றவர்' என்று முத்திரை குத்தி வெளியேற்றியது. இருபது முறை சாவின் வாயில் நுழைந்து வந்தவனும், இருபத்தோராம் முறை கால் எழவில்லை என்றால் கோழை. இந்த விதியைச் செஷயர் தம் ஆட்களிடம் இரக்கமின்றிச் செயற்படுத்தினார். ஒருவனின் அச்சம் மற்றவருக்கும் தொற்றிவிடும் என்பது அவர் வாதம். பிற்காலத்தில் தளர்ந்தவர்களையும் முடங்கியவர்களையும் தேடித் தேடிச் சென்றவர் அப்போது இப்படித்தான் இருந்தார்.

617-இல் அவர் செய்த பெரிய காரியம் ஒன்றுண்டு. மேலே பதினைந்தாயிரம், பதினெட்டாயிரம் அடியிலிருந்து இருளில் குண்டு கொட்டினால் குறி தவறுகிறது. ஆகவே ஒரு விமானம் கூரைகளைத் தொடுமளவு தாழப் பறந்து, இலக்கின்மேல் எரியும் செந்நிற விளக்குகளைப் போட்டுவிட்டு விலக வேண்டும். உயரத்திலுள்ளவர்கள் அந்த விளக்குகளைப் பார்த்து எறிய வேண்டும். தாழப் பறக்கும் வேலையை அவர் தமக்கே எடுத்துக் கொண்டார். முதலில் பருத்த லாங்காஸ்டரிலேயே இதைச் செய்தார்; பின்னர் மஸ்கிட்டோ என்ற சிறு விமானத்தில்; இறுதியில் மஸ்டாங் என்ற ஒருவர் விமானத்தில். மஸ்டாங் அவர் கைக்கு வந்த அன்றே அதில் போருக்குச் சென்றார். அதற்கு முன் அவர் அதை ஓட்டிப் பார்த்தது கிடையாது!

1944 பிப்ரவரி 8-ஆம் நாள் இரவு நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்லலாம். பிரான்சிலுள்ள லிமோஷ் நகரில் விமான இயந்திரங்கள் செய்யும் தொழிற்சாலை ஒன்று இருந்தது. அது ஜெர்மானியருக்காக ஓடிக் கொண்டிருந்தது. ஆனால் அதில் இரவு வேலை பார்த்தவர்கள் பிரெஞ்சுப் பெண்கள், சில நூறு பேர். சுற்றிலும் தொழிலாளர் வீடுகள். தொழிற்சாலை அழிய வேண்டும். அந்தப் பெண்கள் சாகக் கூடாது. நட்பு நாட்டவரைக் கொல்லாமல் இதைச் செய்ய முடியுமா என்று மேலிடத்தாரும் கவலைப்பட்டனர்.

பன்னிரண்டு லாங்காஸ்டர்கள் சென்றன. மற்றவை உயரத்தில் வட்டமிட, செஷயர் மட்டும் தம் விமானத்தைக் கீழே இறக்கினார். நூறு அடியே இருக்கும். நான்கு இயந்திரங்கள் அலற, தொழிற்சாலையின் கூரைமேல் ஒருமுறை பறந்தார். குண்டு போடவில்லை. திரும்பி வந்து இரண்டாம் முறை பறந்தார். அப்போதும் போடவில்லை. கீழே கதவுகள் திறந்து பெண்கள் ஓடத் தொடங்கினர். மூன்றாம் முறையும் எச்சரித்தார். நான்காம் முறை வந்தபோதே கட்டடத்தின் நடுவில் விளக்குகளைப் போட்டார். அதன்பின் மேலிருந்தவர்கள் எறிந்தனர். தொழிற்சாலை பாழாயிற்று. தொழிலாளர் ஏறத்தாழ எல்லோரும் தப்பினர்.

ஒவ்வொரு முறை தாழப் பறந்தபோதும் கீழிருந்து சுட அவர் வாய்ப்பளித்தார் என்பதை மறக்கலாகாது. எச்சரிக்கை கொடுத்தால் எதிரிக்கும் எச்சரிக்கை போகும். அந்தப் பெண்களின் உயிருக்காகத் தம் உயிரையும் உடனிருந்தவர்களின் உயிரையும் பணயம் வைத்தார். போர் விமானம் என்ற கருவி, கொல்லப்படுபவரின் முகத்தைக் கொல்பவனுக்கு மறைத்து விடுகிறது. பதினெண்ணாயிரம் அடியிலிருந்து பார்த்தால் நகரம் என்பது வெறும் ஒளிப் புள்ளிகள். நூறடியில் மட்டுமே அங்கே ஓடும் ஆட்கள் தெரிவர். இவ்விரண்டு உயரங்களுக்கு இடையிலுள்ள வேறுபாடே அந்தப் போரில் பல்லாயிரம் பொதுமக்களின் வாழ்வும் சாவும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவ்வாண்டு ஜூலை 6-ஆம் நாள் அவர் நூறாவது முறை பறந்து திரும்பினார். அத்துடன் மேலிடம் அவரை நிறுத்தியது. செப்டம்பரில் பிரிட்டனின் தலையாய வீரப் பதக்கமான விக்டோரியா சிலுவை அவருக்கு அளிக்கப்பட்டது. வழக்கமாக ஒரே ஒரு வீரச் செயலுக்காக அளிக்கப்படும் அந்தப் பதக்கம், அவருக்கு நான்கு ஆண்டுகள் இடையறாது காட்டிய துணிவுக்காக அளிக்கப்பட்டது. மறு ஆண்டு, அணுகுண்டைக் கண்டு வந்து தெரிவிக்கும் பிரித்தானியப் பார்வையாளராக அவர் டினியன் தீவுக்கு அனுப்பப்பட்டார்.

இந்தக் குண்டுமாரியைப் பற்றிக் கிறிஸ்தவர் எவரும் வாய் திறக்கவில்லையா என்று கேட்பீர்கள். திறந்தார்கள். 1943 ஜூலை 19-ஆம் நாள் நேச நாடுகளின் விமானங்கள் உரோமாபுரியைத் தாக்கியபோது, பாப்பரசர் 12-ஆம் பத்திநாதர் அன்றே வத்திக்கானிலிருந்து வெளியேறி, இடிபட்ட புனித லாரன்ஸ் பகுதிக்குச் சென்று, தெருவில் நின்ற மக்களோடு செபித்தார். ஆங்கிலிக்கன் சபையின் ஆயர் ஜார்ஜ் பெல், 1944 பிப்ரவரி 9-ஆம் நாள் பிரித்தானியப் பிரபுக்கள் சபையில் எழுந்து, நகரங்களை முழுமையாக அழிப்பதற்கு என்ன நியாயம் என்று தம் அரசையே கேட்டார். லிமோஷில் செஷயர் பிரெஞ்சுப் பெண்களை எச்சரித்ததற்கு மறுநாள் அது. போர்க்காலத்தில் தன் நாட்டைக் கேள்வி கேட்பவனுக்கு நண்பர் குறைவர்; அவருக்கும் குறைந்தனர். முழு நகரங்களையும் அவற்றின் மக்களோடு வேறுபாடின்றி அழிக்க முயலும் எந்தப் போர்ச் செயலும் கடவுளுக்கும் மனிதனுக்கும் எதிரான குற்றம் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் ஐயமறக் கூறிற்று. உராக்காமி எரிந்து இருபது ஆண்டுகளுக்குப் பின்.

போர் முடிந்ததும் செஷயர் 1946-இல் படையிலிருந்து விலகினார். அவருக்கு மனநிறைவு இல்லை. வேலையற்றிருந்த பழைய போர்வீரர்களைச் சேர்த்து, பொதுவாழ்வு வாழும் குடியிருப்பு ஒன்றைத் தொடங்கினார். அது கடனில் மூழ்கிக் கலைந்தது. ஹாம்ஷயரில் 'லே கோர்ட்' என்ற பெரிய பழைய மாளிகை ஒன்று வெறுமையாக அவர் கையில் மிஞ்சியது. 1948-இல், அந்தக் குடியிருப்பில் முன்பு இருந்த ஒருவர் புற்றுநோயால் சாகும் தறுவாயில் இருப்பதாகச் செய்தி வந்தது. மருத்துவமனையால் இனிச் செய்ய ஒன்றுமில்லை. அவரை ஏற்பார் யாருமில்லை. தேடிப் பார்த்தும் இடம் கிடைக்காமற் போகவே, செஷயர் அவரைத் தம் மாளிகைக்கே அழைத்து வந்தார்.

வேலையாட்கள் இல்லை. உணவு ஊட்டுவதும், படுக்கை மாற்றுவதும், மலசலம் எடுப்பதும், இரவில் விழித்திருப்பதும் விக்டோரியா சிலுவை பெற்ற அந்த விமானியின் வேலை. நோயாளி ஒரு கத்தோலிக்கர். பல காலம் விட்டிருந்த விசுவாசத்துக்குத் திரும்பியிருந்தார். மதத்தைப் பற்றிச் செஷயருக்கு அவர் போதனை எதுவும் செய்யவில்லை என்றே தெரிகிறது. அமைதியாகச் செபித்தார், அமைதியாக ஆகஸ்டு மாதத்தில் இறந்தார். படுக்கையருகே அவர் விட்டுச் சென்ற நூல் ஒன்றைச் செஷயர் எடுத்துப் படித்தார். அவ்வாண்டு டிசம்பர் 24-ஆம் நாள், கிறிஸ்து பிறப்புக்கு முந்தின நாள், கத்தோலிக்கத் திருச்சபையில் ஏற்றுக்கொள்ளப்பட்டார்.

அதற்குள் வேறு நோயாளிகள் வந்து சேரத் தொடங்கியிருந்தனர். மருத்துவமனை வைத்துக்கொள்ளாதவர்கள், வீட்டில் பார்க்க ஆளில்லாதவர்கள், கைகால் முடங்கியவர்கள். இவ்வாறு, திட்டம் எதுவும் இன்றிப் பிறந்தவையே செஷயர் இல்லங்கள். இடையில் காசநோய் அவரையே இரண்டு ஆண்டுகளுக்கு மேல் படுக்கையில் தள்ளிற்று. எழுந்து வந்ததும் அவர் கண் திரும்பிய நாடு நம் இந்தியா. 1956-இல் பம்பாயின் அந்தேரியில் முதல் இல்லம் எழுந்தது. 'பெத்லகேம் இல்லம்' என்று அதற்குப் பெயர். டேராடூனில் தொழுநோயர்க்கும் அநாதைக் குழந்தைகளுக்கும் 'ரஃபேல்' என்ற குடியிருப்பு அமைந்தது. பெங்களூரிலும் நம் கோயம்புத்தூரிலும் அவர் பெயரால் இல்லங்கள் உண்டு. போரில் துன்புற்ற போலந்து நாட்டவருக்குத் தொண்டு செய்து வந்த சூ ரைடர் என்ற ஆங்கில மாதை 1959 ஏப்ரல் 5-ஆம் நாள் அவர் மணந்தார். திருமணம் நடந்ததும் பம்பாய்க் கத்தோலிக்கப் பேராலயத்தில்தான்.

நாகசாகியைக் கண்டு மனம் வருந்தி இவர் தொண்டரானார் என்று எழுதிவிட்டால் கட்டுரை அழகாக முடிந்துவிடும். பலர் அப்படித்தான் எழுதினார்கள். அது உண்மையன்று. அணுகுண்டு வீசியது தவறு என்று செஷயர் ஒருபோதும் சொல்லவில்லை. அந்தக் குண்டு போரை முடித்தது. முடித்திராவிட்டால் இன்னும் எத்தனையோ இலட்சம் பேர் மாண்டிருப்பர் என்று இறுதிவரை வாதாடினார். 1985-இல் அதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். ஸ்வீனியும் 2004-இல் இறக்கும்வரை அதையே சொன்னார்.

மறுபக்கத்தில் நிற்கிறார் ஒரு குருவானவர். டினியன் தீவில், அணுகுண்டு வீசிய படைப்பிரிவின் விமானிகளுக்கு ஆன்ம குருவாய் இருந்தவர் தந்தை ஜார்ஜ் சபெல்கா. பூசை வைத்தார், பாவசங்கீர்த்தனம் கேட்டார். நகரங்களின்மீது குண்டு வீசுவது பாவம் என்று ஒருமுறைகூட அந்த இளைஞர்களுக்கு அவர் கூறவில்லை. அது அவருக்குத் தோன்றவே இல்லை. பல்லாண்டுகள் கழித்து அந்த மௌனம் அவரை வாட்டத் தொடங்கியது. தாம் செய்தது தவறு என்று வெளிப்படையாக அறிக்கையிட்டார். 1980-களில், முதிய வயதில், ஜப்பானுக்கே சென்று, குண்டுகளுக்குத் தப்பியிருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டார். அவரும் செஷயரும் ஒரே ஆண்டில், 1992-இல், இறந்தனர்.

இருவரில் யார் சரி? வத்திக்கான் சங்கம் கூறியதை ஏற்கும் நமக்கு, உராக்காமியின் மேல் விழுந்ததை நியாயம் என்று சொல்ல வாய் வராது. தந்தை சபெல்காவே சரியானதைச் சொன்னார் என்று நான் கருதுகிறேன். ஆனால் அப்படிச் சொல்லிய பிறகும் செஷயரை ஒதுக்கிவிட முடியவில்லை. போரை முடித்தது குண்டு என்று வாதாடிய அதே மனிதர், போரில் மாண்ட ஒவ்வொருவருக்கும் பிழைத்திருப்பவர்கள் கடன்பட்டிருக்கிறார்கள் என்று நம்பினார். அந்தக் கடனை நாற்பது ஆண்டுகள், நாள்தோறும், படுக்கையில் கிடந்தவர்களுக்குச் செலுத்தினார். பேச்சில் அவர் ஒப்புக்கொள்ளாததை அவருடைய கைகள் ஒப்புக்கொண்டனவோ? தெரியாது. அது அவருக்கும் இறைவனுக்கும் இடையிலானது.

உராக்காமியின் பேராலயத்தில் இரண்டு மணிகள் இருந்தன. ஒன்று சிதைந்து போயிற்று. மற்றதை இடிபாடுகளுக்குள்ளிருந்து தோண்டியெடுத்து, 1945-இல் கிறிஸ்து பிறப்புக்கு முந்தின இரவில் ஒலிக்கச் செய்தார்கள். பேராலயம் 1959-இல் மீண்டும் கட்டப்பட்ட பின்னும் இரண்டாவது கோபுரம் மணியின்றியே இருந்தது. அந்த மணியை அமெரிக்கக் கத்தோலிக்கர் நன்கொடை திரட்டி வார்ப்பித்துக் கொடுத்தனர். 2025 ஆகஸ்டு 9-ஆம் நாள் முற்பகல் 11 மணி 2 நிமிடத்துக்கு, எண்பது ஆண்டுகளுக்குப் பின், இரு மணிகளும் சேர்ந்து ஒலித்தன.

செஷயருக்குக் கடைசியில் வந்த நோய், நரம்புகள் சிறிது சிறிதாகச் செயலிழந்து தசைகளை முடக்கும் நோய். தம் இல்லங்களில் அந்நோயாளர் பலரை அவர் அறிந்திருந்தார்; அடுத்து என்ன வரும் என்பதை எவரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கால்கள் போயின, பின்னர் கைகள். சக்கர நாற்காலியில் அமர்ந்து, பிறர் தூக்க எழுந்து, பிறர் ஊட்ட உண்டார். அப்போது உலகில் ஏறத்தாழ ஐம்பது நாடுகளில் இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட செஷயர் இல்லங்கள் இருந்தன. 1992 ஜூலை 31-ஆம் நாள், இங்கிலாந்தின் கேவென்டிஷ் என்னும் சிற்றூரில், சூ ரைடர் தம் தொண்டுக்கென நிறுவிய இல்லத்தில் உயிர் நீத்தார்.